மூடியில்லாத சில்லு

2009இல் ஆப்பிள் வெளியிட்ட மேக் ப்ரோவில் ஒரு விசித்திரம் உண்டு. கடையில் வாங்கும் இன்டெல் ஜியான் ப்ராசஸரின் தலையில் ஓர் உலோக மூடி இருக்கும். இரட்டை ப்ராசஸர் மேக்கில் அது கிடையாது. ஹீட் சிங்க் நேராகச் சிலிக்கான் மேலேயே உட்காரும். (ஒற்றை ப்ராசஸர் மாடலில் மூடி உண்டு. ஏன் இந்தப் பாரபட்சமோ!)

அடுத்த வருடமே ஆறு கோர் ஜியானோடு புது மாடல் வந்தது. பெட்டி அதேதான், சாக்கெட்டும் அதேதான். பழைய ஃபர்ம்வேருக்குப் புதுச் சில்லை அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? 2010 மாடலின் ஃபர்ம்வேரை 2009 பெட்டியில் எழுத ஒரு சின்ன நிரலைச் செய்துவிட்டார்கள். பெட்டியும் தன்னை 2010 என்றே நம்பிக்கொண்டது.

மிச்சமிருந்தது அந்த மூடி. 2011இல் வந்த எக்ஸ்5690, 3.46 கிகாஹெர்ட்ஸ், ஆறு கோர். வந்தபோது ஆயிரம் டாலருக்கு மேல் விலை. நிறுவனங்கள் சர்வர்களைக் கழித்துக்கட்டத் தொடங்கியதும் செகண்ட் ஹேண்டில் மலிவாகிவிட்டது. இரண்டு போட்டால் பன்னிரண்டு கோர். ஆனால் மூடியோடு வைத்தால் ஹீட் சிங்க் ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். திருகைக் கடைசிவரை முறுக்கினால் சாக்கெட் ஊசிகள் நசுங்கும். தளர விட்டாலோ சில மெமரி கார்டுகள் காணாமல் போகும், ஏனென்றால் மெமரியை ஆளும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சிலர் வாஷர் வைத்தார்கள். துணிந்தவர்கள் மூடியைச் சூடாக்கிப் பெயர்த்தார்கள். நண்பர் ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் திருகின் சுற்றுகளை எண்ணி எண்ணி முறுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். 2018இல் மொஹாவி வந்தபோது, தகுந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 2010, 2012 மேக் ப்ரோக்களுக்கு ஆப்பிள் அனுமதி கொடுத்தது. 2009க்கு இல்லை. ஃபர்ம்வேர் மாற்றிய 2009 பெட்டிகளோ மொஹாவியைப் போட்டுக்கொண்டு ஓடின. அப்படியானால் 'பழசு' என்று அதைத் தள்ளிவைத்தது எது? இரும்பா, சிலிக்கானா? எனக்குத் தெரிந்து ஒரு மாடல் எண்தான்.

2023 மேக் ப்ரோவில் ப்ராசஸரும் மெமரியும் ஒரே பொதியாகப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. சாக்கெட்டே கிடையாது.