கோஆக்சியல் கனெக்டர் வகைகள்

கோஆக்சியல் கேபிளை வயர்லெஸ் கருவியோடும் ஆன்டெனாவோடும் பிணைக்கும் உறுப்பு கோஆக்சியல் கனெக்டர். நடுக்கம்பி, மின்காப்பு, வெளிக்கூடு மூன்றும் ஒரே அச்சில் அளவு மாறாமல் தொடர வேண்டும். பிசகினால் அலையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். வயர்லெஸ் பணிக்கு 50 ஓம், கேபிள் டிவிக்கு 75 ஓம் என்பது வழக்கம். வீட்டு டிவிப் பெட்டியில் திருகும் எஃப் கனெக்டருக்குத் தனி ஊசி கிடையாது, கேபிளின் செப்புக்கம்பியே ஊசி.

கோவளம், மாமல்லபுரம் போன்ற கடற்கரைகளில் கனெக்டரின் முதல் பகை உப்புக்காற்று. படகுகளின் விஹெச்எஃப் வயர்லெஸ் பெட்டிகளில் பெரும்பாலும் செருகப்படுவது 1930களில் உருவான பிஎல்-259. 'யுஹெச்எஃப் கனெக்டர்' என்று பெயர் இருந்தாலும் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அதற்குப் பொருத்தம். கடல் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் அலைவரிசையில் குறையில்லை. ஆனால் பிஎல்-259க்கு நீர்த்தடுப்பு வளையம் இல்லை. உள்ளே கசிந்த உப்புநீர் கேபிளின் செப்புப் பின்னலில் ஊறி ஏறும், களிம்பு பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்தில் கூப்பிடும் குரல் இந்த ஓரங்குல உலோகத்தில் அடங்கிவிடக்கூடும். தன்னோடு தானே ஒட்டி இறுகும் ரப்பர் டேப்பை, கூரைக்கு ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலாகச் சுற்றுவதே சரியான காப்பு. ரப்பர் வளையத்தோடு வரும் 'என்' (N) வகை கரைக்கு இன்னும் நல்லது. பெல் ஆய்வுக்கூடத்தின் பால் நீல் 1940களில் வடிவமைத்த இது 11 கிகாஹெர்ட்ஸ் வரை தாங்கும்.

பழைய மகாபலிபுரம் சாலை நெடுக நிற்பவை போன்ற செல்போன் கோபுரங்களில் 7/16, 4.3-10 வகைகள் பயன்படுகின்றன. அங்கே துருவோ தளர்ந்த இணைப்போ இரண்டு அலைவரிசைகளைக் கலந்து மூன்றாவதொன்றைப் பிறப்பித்து, ஏற்பியின் காதை அடைத்துவிடும். நிக்கல் காந்தத்தன்மை உள்ளது என்பதால் அதன் பூச்சைத் தவிர்த்து வெள்ளி முலாம் போன்றவற்றை நாடுவார்கள்.

காலவாக்கத்தில் 1996இல் தொடங்கிய எஸ்.எஸ்.என். உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளில் ஆசிலாஸ்கோப்பைத் தொடும் மாணவர் முதலில் பழகுவது, கால்திருப்பில் பூட்டும் பிஎன்சி. அதன் வரம்பு 4 கிகாஹெர்ட்ஸ். எஸ்எம்ஏ 18 வரை போகும். அலைவரிசை ஏற ஏறக் குறுக்களவு சுருங்க வேண்டும். பருத்த குழாயில் அலை வேண்டாத வடிவங்களில் ஓடத் தொடங்கும். ஆகவே 2.92 மி.மீ. 40 வரையும், 2.4 மி.மீ. 50 வரையும், 1 மி.மீ. 110 கிகாஹெர்ட்ஸ் வரையும் பயன்படும். எஸ்எம்ஏவும் 3.5 மி.மீ. வகையும் ஒன்றோடொன்று பூட்டும் என்றாலும், ஊசி நீண்ட மலிவான எஸ்எம்ஏ ஒன்று விலையுயர்ந்த அளவீட்டுக் கருவியின் வாயைச் சிதைத்துவிடும். பூட்டும்போது உடலைச் சுழற்றாமல் நட்டை மட்டும், டார்க் ஸ்பேனரால் திருக வேண்டும்.