வேகம் அறிந்து ஒலி உயர்த்தும் கருவி



குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறியோர் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பர். துறையைவிட்டு நகருமுன் பக்கத்திலிருப்பவரோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தவர், இயந்திரம் முழு வேகங்கொண்டதும் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறார். மறுகரையில் இயந்திரம் திடீரென ஓய, அவர் வீட்டுச் சங்கதியின் கடைசிச் சொல் படகு முழுவதற்கும் கேட்டுவிடுகிறது. மனிதரின் இவ்வியல்பை 1911இல் ஆராய்ந்து எழுதியவர் எத்தியன் லொம்பார் என்னும் பிரெஞ்சு வைத்தியர். காது இரைச்சலை அளக்கிறது. குரல் அதற்கேற்ப எழுகிறது. இடையில் நமது சித்தம் கலந்துகொள்வதில்லை.

சென்ற ஆனி மாதத்தில், கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவரோடு அப்படகிற் சென்றேன். அவரிடம் நெடும்பயணத்துக்குரிய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று அங்கே உண்டு. அதிற் பாட்டுக் கேட்க ஒலிபெருக்கிகளும் உண்டு. வண்டி விரைந்தால் ஒலி தானே உயரவேண்டும்; உயர்வதில்லை. “சேர், இரண்டு முறை கராஜுக்குக் கொண்டுபோனேன். ஒலிபெருக்கியையே மாற்றித் தந்தார்கள். குறை போகவில்லை” என்றார். நான் சரித்திரம் கற்பித்தவன்; வண்டி திருத்துபவனல்லன். எனினும், ஒரு கருவி எவ்வாறு பிறந்ததென்று அறிந்தால் அது எங்கே தவறும் என்பதையும் ஊகிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒலியைத் தானாகச் சீர்செய்யும் ஆசை வானொலிக்காலத்தது. எங்கள் தீவுகளில் இரவு வேளையில் திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்தோர், ஒலி ஓங்கியும் தாழ்ந்தும் வருவதை நன்கறிவர். வானத்து மேற்படலத்திற் பட்டுத் திரும்பும் அலை ஒரே வலிமையில் நில்லாமையே அதற்குக் காரணம். 1925இன் இறுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹரோல்ட் வீலர் இதற்கு வழி கண்டார். வரும் அலையின் வலிமையைப் பெட்டியே அளந்து, குன்றினாற் பெருக்கத்தைக் கூட்டும், மிகுந்தாற் குறைக்கும். 1929இல் பில்கோ நிறுவனம் இவ்வமைப்பைத் தன் வானொலிப் பெட்டியிற் பொருத்தி விற்றது. ஆனால் அக்கருவி அளந்தது அலையையே. கேட்பவரைச் சூழ்ந்த இரைச்சலை அன்று.

1930இல் சிக்காகோ நகரத்துப் போல் கல்வின் என்பாரின் நிறுவனம், மோட்டோரோலா என்ற பெயரிற் காருக்குரிய வானொலியை வெளியிட்டது. அக்காலத்துப் பெருந்தொல்லை இயந்திரத்தின் தீப்பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்போல வானொலிக்குட் புகுந்து படபடத்தது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் இட்டு அதனை அடக்கினார்கள். காற்றின் இரைச்சலோ வானொலி வழியாக வருவதன்று. நேரே காதுக்கு வருவதை எந்த மின்தேக்கி தடுக்கும்?

காரிலாவது கண்ணாடியை ஏற்றிவிடலாம். மோட்டார் சைக்கிளுக்கு அதுவும் இல்லை. 1975இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா கோல்ட் விங் போன்ற வண்டிகள், 1980களில் காற்று மறைப்பும் பயணப் பெட்டிகளும் வானொலியும் பூண்டு நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியபோது இவ்விடர் முழுமையாக வெளிப்பட்டது. திண்பொருளில் மோதும் காற்றெழுப்பும் ஒலி, வேகத்தின் ஆறாம் அடுக்கின்படி வளரும் என்று 1955இல் கேர்ள் என்னும் அறிஞர் கணித்திருந்தார். வேகம் இரட்டித்தால் ஒலியின் ஆற்றல் 64 மடங்கு. 18 டெசிபெல் உயர்வு. ஓட்டுபவர் அடிக்கடி கையை எடுத்துக் குமிழைத் திருகுவது ஆபத்தாகும்.

இதற்கு இரு வழிகள் தோன்றின. ஒலிவாங்கி வைத்து இரைச்சலையே கேட்பது ஒன்று. சில கார்களில் அவ்வாறு உண்டு. திறந்த வண்டியிற் காற்று அவ்வொலிவாங்கியையே அறையும். ஆகவே மற்ற வழி: சக்கரத்தின் வேகத்தைக்கொண்டு இரைச்சலை ஊகிப்பது. ஜெர்மானியர் இதனைக் ‘காலா’ என்று சுருக்கி அழைத்தனர். கார் வானொலியின் பொதுச் செருகியில் முதல் முனையே இவ்வேகச் செய்திக்கென ஒதுக்கப்பட்டது. லொம்பார் கண்ட மனிதக் காது கேட்டு அறிகிறது. இக்கருவியோ பிறவிச் செவிடு. சுழலும் சக்கரத்தின் பற்களை உணரி ஒன்று எண்ணிச் சொல்ல, அதை நம்பி ஒலியை ஏற்றுகிறது.

இதைச் சொன்னதும் மாணவருக்கு ஒலிபெருக்கியை மாற்றியது வீண் என்பது விளங்கிற்று. முதலில் வேகமானியைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதுவும் இக்கருவியும் ஒரே கிணற்றில் நீருண்பவை. அதுவும் அசையாவிட்டால் உணரியின் நுனியில் இரும்புத் தூளோ, அதன் செருகியிற் களிம்போ இருக்கலாம். அது சரியாக ஓடினால், அமைப்புப் பட்டியலில் இவ்வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா, மிகக் குறைந்த படியில் இருக்கிறதா என்று நோக்கவேண்டும். தலைக்கவசத்துக் கேள்கருவிக்கு இவ்வமைப்புத் தனியாக இருக்கும் வண்டிகளும் உள. நின்றபடி சோதித்துப் பயனில்லை; வெறிச்சாலையில் ஒரே பாட்டை 30 கிலோமீற்றரிலும் 60இலும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

“பாட்டு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டேன். “போனிலிருந்து. போனைக் குறைத்து வைத்து வண்டியைக் கூட்டித்தான் வைத்திருப்பேன், சேர்” என்றார். வண்டியின் ஒலி முன்னரே உச்சத்தை அண்டியிருந்தால், கருவி மேலும் ஏற்ற எங்கே இடம்?

மாலையில் அவர் சிறிய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிப் பண்ணைத் தாம்போதியிற் போய்வந்தார். சோழகம் வீசிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை நோக்கிப் போகையில் அது முகத்தில் அறைந்தது. திரும்புகையில் முதுகைத் தள்ளியது. வண்டி 50 கிலோமீற்றரும் காற்று 30உம் என்றால், காதுக்குப் போகும்போது 80, வரும்போது 20. சக்கரத்துக்கோ இரண்டும் 50தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர்சொல்லி அழைத்த எங்கள் கடலோடிகள் இதற்கு வியந்திருக்கமாட்டார்கள். அத்தாம்போதியில் இக்கருவி ஏமாந்தால் அது பழுதன்று; அதன் பிறப்பு அப்படி.

இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணிநேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. 94 டெசிபெலுக்கு ஒரு மணிநேரமே. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றிரைச்சல் மட்டுமே 90ஐக் கடப்பதுண்டு. கருவி செவ்வனே இயங்கினால், பாட்டை அதற்கும் மேலே ஏற்றிவிடும்.

ஆடி மாதத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. போனின் ஒலியை உயர்த்தி, வண்டியின் ஒலியைத் தாழ்த்தியதும் கருவி இயங்கிற்றாம். பின்னர் அதனை மிகக் குறைந்த படியில் நிறுத்திவிட்டு, காதில் அடைப்பான் இட்டு ஓட்டுகிறாராம். பாட்டு முன்னிலும் தெளிவாகக் கேட்கிறதாம்.