கபடி ஆடும் பிள்ளைக்கு மவுத்கார்டு வாங்கப் போறீங்களா? கடையில் பார்க்க வேண்டியது என்ன?

பொங்கல் வந்தால் ஈரோடு, பவானி, கோபி, பெருந்துறை பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் போட்டிதான். முட்டிக்கு உறை, கணுக்காலுக்குப் பட்டை எல்லாம் தேடி வாங்கித் தரும் பெற்றோர்கூட, பல்லுக்கு என்ன பாதுகாப்பு என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கக் குனிகிறவரின் வாய் சரியாக முட்டி உயரத்தில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து மடக்கும்போது தலையும் தலையும் மோதுகின்றன. முகத்தில் அடி விழுந்தால் அதிகம் சேதமாவது மேல்வரிசை முன்பற்கள்தான்.

பெரியவர்களுக்குப் பல் போனால் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம். 12 வயதுப் பையனுக்கு நிலையான முன்பல் போனால் அது முடியாது. தாடை வளர்ச்சி முடியும்வரை, அதாவது 18 வயதோ அதற்கு மேலோ ஆகும்வரை காத்திருக்கணும். அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ ஒட்டுப் பல்லோதான். முன்பற்கள் தூக்கலாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மவுத்கார்டு என்ன செய்கிறது?

மேல்பற்களை மூடியிருக்கும் மெத்தென்ற உறை இது. அடியின் வேகத்தை ஒரே பல்லில் இறங்க விடாமல் பரப்பிவிடும். கீழ்ப்பல் மேல்பல்லில் மோதுவதையும், உதடும் கன்னமும் பல்லில் பட்டுக் கிழிவதையும் குறைக்கும். 1890-களில் லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்களின் உதடு கிழியாமல் இருக்க கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினில் செய்து கொடுத்ததில் தொடங்கியது இது. இப்போது பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக 'ஈ.வி.ஏ.' என்ற பொருளில் வருகிறது.

'இதைப் போட்டால் மூளை அதிர்ச்சி வராது' என்று சில அட்டைகளில் இருக்கும். அதை நம்பி வாங்க வேண்டாம். பல்லையும் உதட்டையும் காப்பதற்கு இருக்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் மூளை அதிர்ச்சி விஷயத்தில் இல்லை.

கடையில் கிடைப்பது எது?

ரெடிமேடாக வருவது ஒரு வகை. அப்படியே வாயில் போட வேண்டியதுதான். யார் வாய்க்கும் சரியாகப் பொருந்தாது, பல்லைக் கடித்துப் பிடித்தால்தான் நிற்கும். விலை குறைவு என்பதைத் தவிர அதில் வேறு லாபம் இல்லை.

அடுத்தது வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் வகை. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். பெரும்பாலான பள்ளி மாணவர்களுக்கு இது போதும், ஒழுங்காகப் பொருத்தினால்.

மூன்றாவது, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது. விலை சில மடங்கு கூடும். ஆனால் கச்சிதமாக உட்காரும், மூச்சு விடவும் பேசவும் சுலபம்.

'கபடி கபடி' சொல்ல வருதா?

கபடிக்காரர்கள் மவுத்கார்டை ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் விலை இல்லை. "வாயில ரப்பரை வெச்சுக்கிட்டு எப்படிங்க பாடறது?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ரெய்டர் 'கபடி' என்று நடுவர் காதில் விழும்படி விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கணும். பாட்டு சரியில்லை என்றால் நடுவர் திருப்பி அனுப்பலாம், எதிரணிக்குப் புள்ளியும் போகலாம். ஹாக்கி, குத்துச்சண்டை வீரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் கபடிக்கு வாங்கும்போது சோதனை எளிது. பொருத்திய பிறகு 30 விநாடி விடாமல் 'கபடி' சொல்லச் சொல்லுங்கள். வார்த்தை குழறினாலோ குமட்டினாலோ பின்பக்கம் நீளம் அதிகம் என்று அர்த்தம். வாயைத் திறந்தால் கீழே விழக் கூடாது, அதே சமயம் விரலால் இழுத்தால் வரணும். இதில் தேறாத மவுத்கார்டு ரெண்டாவது ஆட்டத்திலேயே பைக்குள் போய்விடும். தினமும் பயிற்சிக்குப் போகிற ரெய்டர் என்றால் அச்செடுத்துச் செய்வதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

பொருத்துவதில் எங்கே தப்பு நடக்குது?

எவ்வளவு நேரம் வெந்நீரில் போட வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. எடுத்ததும் தண்ணீரை உதறி, வாய் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, கண்ணாடி முன் நின்று மேல்பற்களின் நடுவில் வைத்து அழுத்தணும். வெளிப்பக்கம் விரலாலும், உள்பக்கம் நாக்காலும் அழுத்தினால் படியும்.

பலர் செய்யும் தப்பு, பல்லை நறநறவென்று கடித்துவிடுவது. கடித்த இடம் காகிதம்போல் மெலிந்துவிட்டால் பாதுகாப்பு போச்சு. முன்பற்களின் வெளிப்பக்கத்தில் 3 மி.மீ. கனமாவது மிஞ்சணும்.

பல்லில் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்குச் சாதாரண வெந்நீர் வகை வேண்டாம், கம்பியில் சிக்கிக்கொள்ளும். கம்பி போட்ட டாக்டரிடமே கேளுங்கள். 6 முதல் 12 வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்துக்கொண்டே இருப்பதால், போன வருஷம் செய்தது இந்த வருஷம் பொருந்தாது.

அச்செடுக்க எங்கே போகலாம்?

ஈரோட்டைச் சுற்றியே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறையும். விளையாட்டு மவுத்கார்டு செய்து தருவார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குத் தரும் 'நைட் கார்டு' வேறு, அது இதற்கு உதவாது.

கலர் விஷயமும் உண்டு. டேக்வாண்டோவில் வெள்ளை அல்லது நிறமில்லாததுதான் அனுமதி. குத்துச்சண்டைப் போட்டிகளில் சிவப்பு ஆகாது, ரத்தம் வந்தால் தெரியாது என்பதால்.

பைக் டிக்கியில் வைக்காதீங்க

ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய டிக்கிக்குள்ளும் காருக்குள்ளும் அதைவிடச் சூடு. அந்தச் சூட்டில் மவுத்கார்டு வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்தால் போதும். கிழிந்தாலோ தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அப்படியும் பல் விழுந்துவிட்டால்?

பல்லைத் தேடி எடுங்கள். வேர்ப்பகுதியைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில விநாடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. நிலையான பல்லாக இருந்து, பிள்ளையும் நினைவோடு இருந்தால் அதே குழியில் வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் காய்ச்சாத பால் வாங்கி அதில் போட்டு எடுத்துப் போங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. இளநீரை வைத்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, அதனால் பால்தான் நம்பகம். 30 நிமிடத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் காய்ந்து கிடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

விழுந்தது பால்பல் என்றால் திரும்பக் குழியில் வைக்க வேண்டாம். உள்ளே வளரும் புதுப்பல்லை அது கெடுத்துவிடும். பல்லை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள்.