பர்ஸோடு மேடையேறிய ராணி... அரேத்தா ஃபிராங்க்ளினை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

யூடியூபில் ஒரு வீடியோ இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பர், வாஷிங்டன் கென்னடி சென்டர் விருது விழா. 73 வயது அரேத்தா ஃபிராங்க்ளின், நீளமான ஃபர் கோட், கையில் பர்ஸ் சகிதம் மேடைக்கு வருகிறார். பர்ஸைப் பியானோ மேல் வைத்துவிட்டு, தானே வாசித்தபடி பாடத் தொடங்குகிறார். மாடத்தில் அதிபர் ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான கரோல் கிங்குக்கோ இருக்கையில் இருப்பே கொள்ளவில்லை. கடைசியில் எழுந்து முன்னால் வந்து, பாடிக்கொண்டே கோட்டை உதறித் தரையில் போடுகிறார் பாருங்கள்... மொத்த அரங்கமும் எழுந்து நிற்கிறது.

அந்தப் பர்ஸ் ஸ்டைலுக்காக வைத்தது இல்லை. சம்பளத்தை முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். பணம் பர்ஸில், பர்ஸ் கண்ணெதிரே. கறுப்பினப் பாடகர்களைப் பாடவைத்துவிட்டுக் காசு கொடுக்காமல் அனுப்பியவர்களை அவர் தலைமுறை நிறையவே பார்த்திருந்தது.

சோல் இசையின் ராணி என்று உலகம் கொண்டாடும் அரேத்தா, 1942-ல் மெம்பிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அப்பா சி.எல். ஃபிராங்க்ளின், புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர். கறுப்பினத் தேவாலயத்தில் யாரும் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. பாடுபவர் ஒரு வரி விட்டால், சபை பதில் குரல் கொடுக்கும். கைதட்டும், அழும், எழுந்து ஆடும். இந்தப் பழக்கத்தைப் புரிந்துகொண்டால் அரேத்தாவின் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும். அவர் ரசிகர்கள் ஏன் ஆல்பங்களைவிட மேடைப் பதிவுகளுக்கு இவ்வளவு உருகுகிறார்கள் என்பதும் புரியும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? 1960-களின் முதல் பாதியில் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடியவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். குரல் அதே குரல்தான். ஆனால், அதைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்ததுபோல இருக்கும்.

பெட்டி திறந்தது 1967-ல். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர், அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரின் ஃபேம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய், பியானோ முன்னால் அவரையே உட்காரவைத்தார். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு பாதியில் நிற்க, குடியும் வாய்ச்சண்டையுமாக எல்லாம் கலைந்தது. பிறகு நியூயார்க்கில்தான் மிச்ச வேலை நடந்தது. அங்கே பிப்ரவரி 14-ம் தேதி பதிவான 'ரெஸ்பெக்ட்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டிஸ் ரெட்டிங் 1965-ல் எழுதிப் பாடிய பாட்டு அது. வேலை முடித்து வீட்டுக்கு வரும் ஆண் கேட்கும் மரியாதை. அரேத்தா பாடியதும் கேட்பவர் பெண்ணாகிவிட்டார், அர்த்தமே திரும்பிவிட்டது. தலைப்பை எழுத்துக்கூட்டிப் பாடும் அந்தப் பிரபலமான இடம் ஓட்டிஸ் பதிவில் கிடையாது. அந்த வருஷம் மான்டரே விழா மேடையில், இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று ஓட்டிஸே சிரித்துக்கொண்டே சொன்னார். முடிந்தால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

மேடைப் பதிவுகளில் 1968 பாரிஸ் கச்சேரி ஆல்பம் எனக்குச் சுமார்தான். 1971 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் மூன்று இரவுகள் பாடியதுதான் சங்கதி. அது ராக் இசைக்கான இடம், ஹிப்பி இளைஞர்கள் கூடுமிடம். இவர்களுக்கு சோல் பிடிக்குமா என்று வெக்ஸ்லருக்கே கவலை. ஹெட்போனில் கேட்டால் தெரியும்... கிங் கர்டிஸின் குழு வாசிக்க வாசிக்க, கூட்டத்தின் குரலும் பாட்டில் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. கடைசி இரவில், பார்க்க வந்திருந்த ரே சார்ல்ஸையே மேடைக்கு அழைத்து வந்துவிடுகிறார் அரேத்தா. அந்தப் பாட்டு நீண்டுகொண்டே போகிறது, முடிக்க யாருக்கும் மனசில்லை.

1980-களில் ஒரு சிறிய விமானத்தில் ஏற்பட்ட பயங்கரமான குலுக்கலுக்குப் பிறகு, அரேத்தா விமானம் ஏறவே இல்லை. அமெரிக்காவுக்குள் பஸ்ஸில் பயணம் செய்து பாடினார். கடல்கடந்த ரசிகர்களுக்கு மிஞ்சியது இந்த மாதிரிப் பதிவுகள்தான்.

அவற்றில் உச்சம் 'அமேஸிங் கிரேஸ்'. 1972 ஜனவரி 13, 14. புகழின் உச்சியில் இருந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சாதாரண பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குத் திரும்பிப்போய் காஸ்பெல் பாடினார். ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் துணை, பின்னால் பாடகர் குழு. அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். இயக்குநர் சிட்னி போலாக் அதைப் படமாகவும் எடுத்தார். ஆனால் கிளாப் அடிக்கவில்லை! நம்ம சினிமா வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை... படமும் ஒலியும் ஒட்டவே இல்லை. பல மணி நேர ஃபிலிம் அப்படியே கிடப்பில் போனது.

பல வருஷம் கழித்து, தயாரிப்பாளர் ஆலன் எலியட் டிஜிட்டல் தொழில்நுட்பத்தில் ஒலியைச் சேர்த்தார். ரசிகர்கள் காத்திருந்தார்கள். அரேத்தா நீதிமன்றம் போனார். 2015-ல் ஒரு திரைப்பட விழாவில் திரையிடக் கடைசி நேரத்தில் தடை வாங்கினார். படம் பிடிக்கவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. தன் அனுமதியில்லாமல் வெளிவரக்கூடாது, அவ்வளவுதான். பர்ஸைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

2018 ஆகஸ்ட் 16-ல் அவர் மறைந்தார். டெட்ராய்ட்டில் இறுதி மரியாதைக்கு ரசிகர்கள் வரிசைகட்டி நின்றார்கள். நவம்பரில், குடும்பத்தின் சம்மதத்தோடு படம் வெளிவந்தது. அவர் உயிரோடு இருந்தவரை 'வேண்டாம்' என்றதை இப்போது நாம் பார்க்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆனாலும், தலைப்புப் பாட்டின்போது கிளீவ்லேண்ட் பியானோவிலிருந்து நகர்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழும் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்களுக்கும் அந்த உறுத்தல் இருந்தால், படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கேட்கலாம். 1972 ஆல்பத்தில் தேர்ந்தெடுத்த பாட்டுகள்தான் இருக்கும். இரண்டு இரவுகளும் முழுதாக வேண்டுமென்றால், 1999-ல் வந்த விரிவான பதிப்பைத் தேடுங்கள்.