பானையில் விழுந்த சரக்கு

கூட்டாஞ்சோறு எத்தனை காலத்துப் பழசு என்று யாராவது கேட்டால், எதைப் போட்ட கூட்டாஞ்சோறு என்று திருப்பிக் கேட்பேன். மிளகாய் வத்தல் அரைத்து விட்டது என்றால் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் போக முடியாது. அது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த அமெரிக்கச் சரக்கு. அதற்கு முன்னால் காரத்துக்கு மேற்கு மலை மிளகுதான்.

வடக்கே கிச்சடிக்கு எழுத்துச் சான்று உண்டு. அரிசியும் பாசிப்பயறும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு உண்கிறார்கள் என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே இபன் பதூதா எழுதினார். அக்பர் அரண்மனைச் சமையலைப் பதிந்த அபுல் பசல், அரிசி, பருப்பு, நெய் மூன்றுக்கும் தலா 5 சேர் என்று கணக்குச் சொல்கிறார். நெய்யும் 5 சேர்! தாமிரபரணிக் கரைப் பானைக்கு அப்படிக் கணக்கெழுத ஆள் வாய்க்கவில்லை. அதில் என்னென்ன விழுந்தது என்று பார்த்தே அதன் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி செய்வது இப்படி. வெண்கலப் பானையில் துவரம்பருப்பு முக்கால் வேக்காடு ஆனதும் அரிசி. அது கொதிக்கும்போது வாழைக்காய், சீனியவரைக்காய், முருங்கைக்காய். கத்தரிக்காய் பின்னால், முன்னால் போட்டால் கரைந்துவிடும். மாங்காய் கிடைக்கிற மாதத்தில் புளியைக் குறைப்பாள். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், வத்தல், மஞ்சள் எல்லாம் அம்மியில் பச்சையாகவே அரைபடும். வறுத்துப் பொடித்த மசாலாவில் வாசம் காட்டும் மைசூர்ப் பக்கத்து பிசிபேளாபாத்திலிருந்து இது விலகுவது இங்கேதான். கடைசியில் முருங்கைக்கீரை, நல்லெண்ணெய். பக்கத்தில் கூழ்வத்தல். காய் எது என்பதை அன்றைக்குக் கொல்லை சொல்லும்.

தானியத்தை மட்டும் கொல்லை தீர்மானிப்பதில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி வருவது நின்றுபோனது. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பி இருந்தது. காரும் பிசானமும் விளைகிற எங்கள் ஆற்றுப்பாசன ஊர்களும் தப்பவில்லை. கட்டுப்பாடும் ரேஷனும் வந்தன. சோளத்தையும் கம்பையும் புன்செய்க்காட்டுச் சாப்பாடு என்று முகம் சுளித்த வீடுகளில் அவையும் பானைக்குள் இறங்கின. “அரிசி குறைஞ்சா காயைக் கூட்டு, விருந்தாள் வந்தா தண்ணியைக் கூட்டு, ஏட்டி, இதுல என்ன இருக்கு” என்பாள் ஆச்சி. சாம்பார், ரசம் என்று தனித்தனியே வைக்கிற சமையலில் பஞ்சம் இலையிலேயே தெரிந்துவிடும். கூட்டாஞ்சோற்றில் அது சட்டென்று கண்ணில் படாது. அந்த வருஷங்களில் வாரத்தில் பாதி நாள் அதுதான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கேரட்டும் பீன்ஸும் வேறு வழியில் வந்தவை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேறி ஐரோப்பியக் காய்களைப் பயிரிட வைத்தார். மலைக்காய் கீழே இறங்கி எங்கள் சந்தையில் வாடிக்கையாக வெகுகாலம் ஆனது. ஆச்சி அவற்றை ‘இங்கிலீஷ் காய்’ என்று கடைசிவரை பானைக்கு வெளியிலேயே வைத்தாள். மிளகாயை மட்டும் எப்படி உள்ளே விட்டாளோ! நானும் கேரட் போடுவதில்லை. அதன் இனிப்பு புளியோடு சண்டை போடுகிறது.

1950களின் கடைசியில் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கிய பிரஷர் குக்கர் செய்ததுதான் எனக்குப் பொறுக்காத மாற்றம். எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு மூன்று விசில் விட்டால் கத்தரிக்காய் எது, வாழைக்காய் எது? குக்கரில் பருப்பையும் அரிசியையும் மட்டும் குழைய விட்டு, காயைத் தனியே வேகவைத்துச் சேர்க்கிறேன். பாத்திரம் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமையும் குதிரைவாலியும் பளபளக்கும் பாக்கெட்டில் ஏறிவிட்டன. எங்கள் தெருக் கடையில் பொன்னி அரிசியைவிடச் சாமைக்கு விலை கூடுதல். சர்க்கரைக்காக டாக்டர் சொன்னதால் வீட்டில் இப்போது பாதி நாள் சாமைக் கூட்டாஞ்சோறு. சாமை சீக்கிரம் வெந்துவிடும். அதனால் காய் முக்கால் பதம் வந்தபிறகே அதைப் போட வேண்டும்.