ஜூனியர் நம்பர் 1... அப்புறம் என்ன?

2009 ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் ஒற்றையர் பட்டத்தை டெல்லியின் யூகி பாம்ப்ரி வென்றபோது வயது 16. அதே ஆண்டு ஜூனியர் தரவரிசையில் நம்பர் 1. ஆனா சீனியர் தரவரிசையில் முதல் 100-க்குள் நுழைய 2015 ஆகிவிட்டது. காயங்களும் ஒரு காரணம். அது மட்டும்தானா?

புள்ளிகள் கைகொடுக்காதா?
ஜூனியர் புள்ளிகள் ஏடிபி தரவரிசையில் சேராது. முதலில் ஐடிஎஃப் போட்டிகள், அடுத்து சேலஞ்சர், அதன்பிறகுதான் ஏடிபி டூர். தகுதிச்சுற்று ஆடாமல் கிராண்ட் ஸ்லாமில் இறங்க, ஏறத்தாழ முதல் 100-க்குள் இருக்கணும்.

பணம்?
சிக்கலே இங்கதான். அடிமட்ட எம்15 போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை எல்லா வீரர்களும் பங்கிட வேண்டும். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர்.

2015 விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் சாம்பியன் சுமித் நாகல், 2023-ல் இந்தியாவின் நம்பர் 1 ஒற்றையர் வீரராக இருந்தபோதே, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருப்பதாகச் சொன்னார். 2024 ஜூலையில் 68-வது இடம் பிடித்தார்.

இப்போ ஏதாவது மாறியிருக்கா?
ஆண்டு இறுதியில் ஜூனியர் டாப் 20-ல் இருப்பவர்களுக்கு சேலஞ்சர் போட்டிகளில் இடம் ஒதுக்குகிறார்கள். சில படிகளைத் தாண்டலாம். விமான டிக்கெட், கோச் சம்பளம்? அது பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான்.