பழைய வணிக லெப்டொப் வாங்கும் முன்: வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டறிந்தவை

2023ஆம் ஆண்டு நான் வாங்கிய முதல் லெப்டொப் பதினொரு நாட்கள்தான் வேலை செய்தது. கடையில் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. சற்று மெதுவாக இருக்கிறதே என்று பதினொராம் நாள் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். வைஃபை இணைத்ததும் திரையில் நான் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயர் வந்தது. அந்தக் கம்பனி ஊழியரின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது. வேறு இயங்குதளம் போட்டுப் பார்க்கலாம் என்றால் பயோஸும் கடவுச்சொல் கேட்டது. கடைக்காரர், "நீங்கள் எதையோ மாற்றிவிட்டீர்கள்" என்றார். கையில் இருந்தது வெறும் தொகை எழுதிய துண்டுச் சீட்டு. 65,000 ரூபா போனது போனதுதான்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கச்சிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அவளுக்கு ஒரு லெப்டொப் வேண்டும். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா கொழுந்து பறிக்கிறார். சீட்டுப் பிடித்த காசை என்னிடம் தந்து, "இந்தத் தடவை விசாரிச்சு வாங்குப்பா" என்று மட்டும் சொன்னார். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. நாங்கள் ஒதுக்கிய 82,000 ரூபா என்பது ஏறக்குறைய 61 நாள் சம்பளம், அதுவும் கழிவுகளைக் கணக்கில் எடுக்காமல். இன்னொரு முறை ஏமாற எங்களால் முடியாது.

அதனால் இம்முறை கடைக்குப் போவதற்கு முன்னால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களைத் தேடிப் போனேன். அவர்கள் சொன்னதையும், அதை வைத்துக் கடையில் நான் சோதித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வணிக லெப்டொப் என்றால் என்ன?

ஒவ்வொரு கம்பனியும் இரண்டு வகை லெப்டொப் செய்கிறது. ஒன்று வீட்டுப் பாவனைக்கு. மற்றது நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்கி ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கு. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லெட்டிடியூட், எச்பியின் எலைட்புக் ஆகியவை இரண்டாம் வகை. திங்க்பேட் என்ற பெயரை 1992இல் தொடங்கியது ஐபிஎம். 2005இல் அது லெனோவோவின் கைக்கு மாறியது.

வெளிநாட்டு நிறுவனங்கள் இவற்றை மூன்று, நான்கு வருடம் பாவித்துவிட்டு மொத்தமாக விற்றுவிடும். அவைதான் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா முதல் இரத்தினபுரி நகரம் வரை கடைகளில் 'யூஸ்ட்' என்ற பெயரில் கிடைக்கின்றன. புதிய மலிவு லெப்டொப் ஒன்றின் விலைக்குள் இவற்றில் நல்லதொன்றை வாங்கலாம். நான் குறிப்பிடும் மொடல்களின் அடிமூடியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியும். ரேம், எஸ்எஸ்டி, பெட்டரி மூன்றையும் மாற்ற முடியும். எந்த ஆணியை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரை சொல்லும் பராமரிப்புக் கைநூலை மூன்று கம்பனிகளும் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் இருப்பவருக்கு இது பெரிய விடயம். பழுது பார்க்கக் கொழும்புக்குப் போய்வந்தால் ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போய்விடும்.

மூவர் சொன்னது

முதலாமவர் ஒரு பாடசாலை ஆசிரியர். மூன்று வருடமாகத் திங்க்பேட் டி480 வைத்திருக்கிறார். 2018இல் வந்த மொடல் இது. இதில் இரண்டு பெட்டரிகள். உள்ளே 24 வாட்-மணித்தியாலப் பெட்டரி ஒன்று நிலையாக இருக்கும். பின்பக்கம் இன்னொன்று, கையாலேயே கழற்றலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பெட்டரியை மாற்றலாம். அது 24, 48, 72 வாட்-மணித்தியாலம் என மூன்று அளவில் கிடைக்கும். "கரண்ட் போனாலும் என் வகுப்பு நிற்பதில்லை" என்பது அவர் பெருமை. அவருடைய குறை திரை. இந்த மொடல் பல வகைத் திரைகளோடு வந்தது. அவருக்குக் கிடைத்தது குறைந்த தெளிவுள்ள மங்கலான வகை, ஜன்னல் ஓரத்தில் இருந்தால் எழுத்து தெரியாது. "டி480 என்று கேட்டு வாங்கினேன், எந்தத் திரை என்று கேட்கவில்லை" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் திடீரென்று யூஎஸ்பி-சி துளை சார்ஜ் ஏற்க மறுத்தது. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மொடல்களில் தண்டர்போல்ட் மென்பொருள் கோளாறு இருந்தது. அதைத் திருத்தும் அப்டேட்டை லெனோவோ பின்னர் வெளியிட்டது. கோளாறு வருவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. அவர் அதை அறிந்தபோது தாமதமாகிவிட்டது.

இரண்டாமவர் இரத்தினபுரி நகரில் மாணிக்கக்கல் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுபவர். அவரிடம் இருப்பது டெல் லெட்டிடியூட் 7490. இதுவும் 2018ஆம் ஆண்டு மொடல். ரேம் போட இரண்டு இடம் இருப்பதால் 8 ஜிபியை 16 ஆக்கியிருக்கிறார். விசைப்பலகையும் சத்தமும் அவருக்குத் திருப்தி. பெட்டரி மட்டும் இரண்டாம் வருடம் வீங்கிவிட்டது. டச்பேட் மேலே எழும்பி, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. டச்பேட் பழுது என்று நினைத்து ஒரு மாதம் அப்படியே பாவித்திருக்கிறார். வீங்கிய லித்தியம் பெட்டரி தீப்பிடிக்கக்கூடியது. டச்பேட் அல்லது அடிமூடி உப்பியிருந்தால் உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பெட்டரியை மாற்ற வேண்டும்.

மூன்றாமவர் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி. எச்பி எலைட்புக் 840 ஜி5 வைத்திருக்கிறார். பாரம் குறைவு, பார்க்க அழகு. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஒரே திரையைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காதபடி செய்யும் 'ஷுவர் வியூ' என்ற திரை அதில் இருக்கிறது. வங்கி அதிகாரிக்கு அது வசதி, குழுவாகப் படிக்கும் மாணவிக்குத் தொல்லை. எல்லா 840 ஜி5 மெஷின்களிலும் இந்தத் திரை இல்லை. எனவே பக்கவாட்டில் நின்று பார்த்து வாங்குங்கள்.

மூன்று பேரிடமும் நான் கவனித்தது ஒன்றுதான். விளம்பரத்தில் இருக்கும் ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி பற்றி யாரும் குறை சொல்லவில்லை. தொல்லை கொடுத்தவை விளம்பரத்தில் வராத திரை, பெட்டரி, சார்ஜ் துளை ஆகியவைதான்.

கடையில் செய்த சோதனைகள்

1. பூட்டு. முதலில் இதைப் பாருங்கள். மெஷினை அணைத்து மீண்டும் போடும்போது திங்க்பேட்டில் எஃப் 1, டெல்லில் எஃப் 2, எச்பியில் எஃப் 10 விசையை அழுத்தினால் பயோஸ் திறக்கும். கடவுச்சொல் கேட்டால் அதை வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேட்டின் சுப்பர்வைசர் கடவுச்சொல் தொலைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில்.

அடுத்தது, என்னை ஏமாற்றிய பூட்டு. நிறுவனங்கள் தங்கள் லெப்டொப்களை மைக்ரோசொப்டின் ஓட்டோபைலட் சேவையில் பதிந்து வைக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்காவிட்டால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைக்கும் வேளையில்தான் அது தெரியவரும். அதுவரை எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே 'ரீசெட் திஸ் பீசீ' கொடுத்து, உங்கள் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் கூட ஆகலாம். நான் காத்திருந்தேன். ஒரு கடைக்காரர் மறுத்தார், அடுத்த கடைக்குப் போனேன்.

2. ப்ராசசர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஐ5-8250, ஐ5-8350 போல கோட்டுக்குப் பின் 8இல் தொடங்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 6, 7 என்று தொடங்கினால் விலை குறைவாக இருக்கும், அதற்குக் காரணம் இதுதான். மொடல் பெயரை மட்டும் நம்பாமல் இந்த எண்ணைப் பாருங்கள்.

3. பெட்டரி. கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போட்டு, 'பெட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து எழுதி என்டர் கொடுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் இருக்கும். நான் பார்த்த ஒன்றில் 24,000 என்பது 13,900 ஆகக் குறைந்திருந்தது, அதாவது 58 சதவீதம். அப்படியானால் புதுப் பெட்டரிக்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டி480 என்றால் இன்னொரு எளிய சோதனை உண்டு. சார்ஜரைக் கழற்றி, மெஷின் ஓடும்போது வெளிப் பெட்டரியை எடுங்கள். மெஷின் அணைந்தால் உள் பெட்டரி செத்துவிட்டது.

4. எஸ்எஸ்டி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று காட்டும்.

5. விசைப்பலகை. ஜெர்மனியிலிருந்து வந்ததில் ஒய் இருக்கும் இடத்தில் இசட் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள், சில மாதங்களில் அது உரிந்துவிடும். நோட்பேடில் எல்லா விசையையும் அழுத்திப் பாருங்கள்.

6. துளைகளும் மூடியும். எல்லா யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் போடுங்கள், யூஎஸ்பி-சி ஒவ்வொன்றிலும் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். மூடியைப் பாதியில் நிறுத்தினால் நிற்க வேண்டும். கேமராவையும் மைக்கையும் மறக்காதீர்கள்.

7. பற்றுச்சீட்டு. தொடரிலக்கம், மொடல், உத்தரவாதக் காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. 2023இல் எனக்கு இது தெரிந்திருந்தால், குறைந்தது முறைப்பாடாவது செய்திருப்பேன்.

நம்ம ஊர் ஈரமும் இடியும்

இந்த லெப்டொப்களின் விளம்பரத்தில் அமெரிக்க இராணுவத் தரச் சோதனையில் தேறியது என்று இருக்கும். எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைக் கம்பனியே தெரிவு செய்கிறது. அது தண்ணீர் புகாது என்ற உத்தரவாதம் அல்ல. திங்க்பேட் விசைப்பலகையின் கீழ் தண்ணீர் வடிய வழி இருப்பது உண்மை, ஆனால் அது சிந்திய தேநீருக்கானது. கூரைத் தகரம் ஒழுகும் லயத்துக்கு அது போதாது. இரத்தினபுரி இலங்கையில் அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்று. 2003 மே, 2017 மே வெள்ளங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கி வைத்தோம். தரையில் வைப்பதில்லை.

அடுத்தது இடி. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் மின்னல் அதிகம். முதல் இடிச் சத்தத்துக்கே சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். நல்ல பெட்டரி முக்கியம் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததும் நினைவிருக்கும்.

வைத்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

"நல்ல மெஷினா?" என்று கேட்டால் "நல்லதுதான்" என்றே சொல்வார்கள். தான் காசு கொடுத்து வாங்கியதை யாரும் லேசில் குறை சொல்வதில்லை. நான் மூன்று கேள்விகள் கேட்டேன். வாங்கியபின் எதை மாற்றினீர்கள், எவ்வளவு செலவானது? எந்த வேலையின்போது கோபம் வந்தது? இதே காசு இன்று கையில் இருந்தால் இதையே வாங்குவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர் "ஓம், ஆனால் திரையைப் பார்த்து" என்றார். கணக்கரும் ஓம் என்றார். மாணவி சற்று யோசித்து, இல்லை என்றார்.

2025 ஜூனில் நாங்கள் வாங்கியது டி480. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், தெளிவான ஃபுல் எச்டி திரை. வெளிப் பெட்டரி பலவீனமாக இருந்ததால் 6,000 ரூபா குறைத்து 76,000க்குத் தந்தார்கள். மிச்சக் காசோடு கொஞ்சம் சேர்த்துப் புதுப் பெட்டரி ஒன்று போட்டோம். வீட்டுக்கு வந்த அன்றே தண்டர்போல்ட் அப்டேட்டைப் போட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, "பழசு மாதிரியே இல்லையே" என்றார். பிறகு மெதுவாக, "இதுக்குப் பூட்டு ஒண்ணும் இல்லைதானே?" என்று கேட்டார். கடையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்ததால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.